மணம் எடுக்கும் விளக்கு

ஜனவரி 19, ஞாயிறு

குகதாசன் அண்ணை இன்று கீழே வந்தார். கதவைத் தட்டிவிட்டு இரண்டு படி மேலே ஏறிப்போய் நின்றுகொண்டார். ஏழு மாதமாக ஸ்காபரோவில் இவர்களுடைய நிலவறையில் குடியிருக்கிறேன், எப்போதும் இப்படித்தான். தனியாக இருக்கும் பெண்ணின் வாசலில் நின்று கதைப்பது அவருக்குச் சரிவராது. அதனால் அவரோடு கதைக்கும்போதெல்லாம் நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

விஷயம் அவருடைய மகள் நிலானியைப் பற்றியது. ஆறு வயது. பிறந்ததிலிருந்தே தொய்வு, ஆஸ்துமா. குளிர் தொடங்கியதும் மூச்சு இழுக்கிறது. அவருடைய வேலையிடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்: வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் காற்றுக் குழாய்க்குள் ஒரு யூவி லைற் பூட்டினால் கிருமியெல்லாம் செத்துவிடும், எல்லா அறைக்கும் சுத்தமான காற்று வரும் என்று.

"நூறு விதமா விக்கிறாங்கள் பிள்ளை. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீர்தானே இந்த வீட்டிலை வாசிக்கிற ஆள். எது நல்லதெண்டு பாத்துச் சொல்லும்."

"நான் வாசிக்கிறது கதைப் புத்தகம் அண்ணை."

"எழுத்து எழுத்துத்தானே."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இந்த வீட்டில் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டது பிடித்திருந்தது.

உடுப்புத் தோய்த்தேன். ஒரு காலுறை மட்டும் காணவில்லை.

ஜனவரி 22, புதன்

மூன்று நாளாக அதையே வாசிக்கிறேன். நான் வேலை செய்யும் கடையில் கல்யாண அழைப்பிதழ் அச்சாகிக்கொண்டிருக்கும்போதுகூட, பிரதி இயந்திரத்துக்குப் பின்னால் நின்று கைபேசியில் வாசித்தேன்.

விளங்கிய அளவில்: புறஊதாக் கதிர் தூசியைப் பிடிக்காது. கிருமியின் உள்ளே இருக்கும் பெருகும் சக்தியைக் கெடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் குழாய்க்குள் காற்று ஒரு நொடிகூட நிற்காமல் ஓடிவிடுகிறது, விளக்குக்கு அதோடு ஒரு கண்சிமிட்டும் நேரம்தான் கிடைக்கிறது. குளிரூட்டியின் ஈரமான உலோகச் சுருளில் பூஞ்சை பிடிக்காமல் காப்பதில்தான் அது கெட்டிக்காரன். ஆக, கெடுதல் இல்லை. பெரிய அதிசயமும் இல்லை. பில்ற்றரை ஒழுங்காக மாற்றுவது இதைவிட முக்கியம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவரை எனக்குப் பிடித்தது.

ஒரே நிறுவனத்தில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று கிருமிக்கு மட்டும். மற்றது கிருமிக்கும் மணத்துக்கும். சமையல் மணம், நாய் மணம், புகை மணம் எல்லாவற்றையும் இல்லாமல் ஆக்குமாம்.

என் குசினி என்று சொல்வது ஒரு மின் அடுப்பும் ஒரு தொட்டியும். அதற்கு நேர் எதிரே, படிக்கட்டுக்குக் கீழே, வீட்டுக் காற்றையெல்லாம் ஃபேர்னஸுக்கு உறிஞ்சும் கம்பித் தட்டு. நான் நெத்தலி பொரித்தால் அது அரை நிமிடத்தில் மேலே அண்ணையின் மனைவி வதனி அக்காவின் படுக்கையறைக்குப் போய்விடும். வதனி அக்கா மிளகாய்த்தூள் வறுப்பதானால் கராஜுக்குப் போய், கதவை அரைவாசி திறந்து, குளிர்கோட்டும் போட்டுக்கொண்டு வறுப்பார். எனக்குக் கராஜ் இல்லை.

அவர் ஒருநாளும் என்னை ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாதது வேறு, மணக்காதது வேறு.

முன்பு இருந்த மிசிசாகா வீட்டில் நான் சமைக்கத் தொடங்கினால் ஜனவரியிலும் யன்னல்கள் திறக்கப்படும். கோட்டுகள் எல்லாம் காருக்குள் கொண்டுபோய் வைக்கப்படும், வேலைக்குப் போகும் கந்தோரில் மணக்கும் என்று. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இரண்டாவது வகை நல்லது என்று அண்ணைக்குச் செய்தி அனுப்பினேன். "இது கொஞ்சம் கூடுதலா வேலை செய்யும்" என்று எழுதினேன்.

ஜனவரி 25, சனி

ஜெயபாலன் என்பவர் வந்து பூட்டினார். வவுனியாக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும், ஃபேர்னஸ் திருத்துவதுதான் தொழில். தூசி தாடிபோலத் தொங்கிய பழைய பில்ற்றரை இழுத்து எடுத்து அண்ணையின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அண்ணை, இதுக்கு லைற் தேவையில்லை. சவரம்தான் செய்யவேணும்."

"போன மாசம்தான் மாத்தினனான்."

"எந்த வருசத்துப் போன மாசம்?"

வதனி அக்கா படியில் நின்று சிரித்தார். "நல்லாக் கேளுங்கோ தம்பி. நான் கேட்டால் பதில் வராது."

குழாயில் ஒரு துளை வெட்டி, கைநீள விளக்கை உள்ளே செலுத்தி, பிளக்கைச் சுவரில் செருகினார். வெளியிலிருந்து பார்ப்பதற்கு ஒரு சின்னக் கண்ணாடித் துளை. அதில் நீலம் தெரிந்தது. நேரே விளக்கைப் பார்த்தால் கண் கெட்டுவிடும், இந்தத் துளையால் பார்க்கலாம் என்று நிலானியைத் தூக்கிக் காட்டினார்.

"Germs எல்லாம் இப்ப சாகுதா?"

"ஓம் அம்மா. வரிசையா வந்து சாகுது."

"அதுக்கு நோகாதா?"

ஜெயபாலன் என்னைப் பார்த்தார். நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை பில்ற்றரைப் பார்த்தார்.

போகும்போது ஜெயபாலன் விளக்கின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "மணம் எடுக்கிற வகை. ஆர் தெரிவு செய்தது?"

"நான்தான்."

"ம்" என்றார். "ஃபானை எந்த நேரமும் ஓட விடுங்கோ. அப்பத்தான் காற்றுச் சுத்தும்."

ஜனவரி 27, திங்கள்

நெத்தலி பொரித்தேன். வெங்காயம், செத்தல் மிளகாய், எல்லாம் போட்டு. ஏழு மாதத்தில் முதல் தடவை, மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவசரமாக அல்ல, சாவகாசமாக.

குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது வதனி அக்காவைக் கண்டேன். மேலே மணக்கிறதா என்று நானாகக் கேட்டேன். எனக்கே நம்ப முடியவில்லை.

"ஒண்டுமில்லையே. வீடு இடி மழை பெய்ஞ்சு விட்ட மாதிரி மணக்குது. நல்ல சாமான்தான் எடுத்துத் தந்திருக்கிறீர்."

ஜனவரி 30, வியாழன்

மேலே நிலானி இருமுகிறாள். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மூக்கு ஒழுகித் தடிமனாம்.

பெப்ரவரி 2, ஞாயிறு

என் கட்டிலுக்கு மேலே ஒரு காற்று வாய் இருக்கிறது. அதன் வழியாகச் சூடு வருகிறது, சூட்டோடு மேல் வீட்டுக் கதையும் வருகிறது. நான் வந்த முதல் வாரமே அதன் மூடியைத் திருப்பி, மேலே ஒட்டுத்தாளும் ஒட்டிவிட்டேன். மற்றவர்கள் கதைப்பதைக் கேட்பது எனக்குப் பிடிக்காது. ஒரு சின்ன மின் சூடேற்றி வைத்திருக்கிறேன், போதும்.

இன்று ஒட்டுத்தாள் ஒரு பக்கம் கழன்றிருந்தது. அதனால் கேட்டது.

"சமைக்காதை எண்டு நான் கேக்கமாட்டன் குகன். அந்தப் பிள்ளை தனிய இருக்குது, ஒரு வாய் சமைச்சுச் சாப்பிடுது."

"நானும் கேக்கச் சொல்லேல்லை. ஆனா நீ யோசிச்சுப் பார். லைற் பூட்டின பிறகுதானே இருமல் கூடியிருக்கு. லைற் நல்லது. அப்ப வேறை என்ன? கீழை மிளகாய் பொரிக்கிறது இப்ப முந்தியைவிடக் கூட. மணம் வரேல்லை எண்டால் காரம் வரேல்லை எண்டு அர்த்தமோ?"

"ரெண்டு நாள் பாப்பம்."

"பாப்பம். இல்லாட்டி வேறை இடம் பாக்கச் சொல்லத்தான் வேணும். பிள்ளையின்ரை மூச்சு."

ஒட்டுத்தாளை மறுபடி ஒட்டினேன்.

வேறு இடம் என்றால் மறுபடி எல்லோரும் கேட்பார்கள். ஆர், எவடம், ஏன் தனிய, தாலியைக் கழட்டிப்போட்டீரோ. வதனி அக்கா என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டார். சிகரெட் பிடிப்பீரோ, சப்பாத்தை வாசலில் கழட்டுவீரோ. இந்த ஊரில் அப்படி ஒரு வீடு மறுபடி கிடைக்காது.

பெப்ரவரி 3, திங்கள்

இன்றிலிருந்து சமையல் இல்லை. பாண், பட்டர், வாழைப்பழம். வதனி அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன், கொஞ்ச நாளைக்கு அடுப்பு மூட்டவில்லை என்று. ஏன் என்று கேட்கவில்லை. அவருடைய கண் மட்டும் கலங்கியது.

மேலே போனபோது அந்த மணத்தை நானும் உணர்ந்தேன். இடி மழை அல்ல. கடையில் ஒரு நாளைக்கு ஆயிரம் பிரதி எடுத்தபிறகு இயந்திரத்துக்குப் பின்னால் வருமே, அந்த மணம். மூக்கின் மேல்பக்கத்தில் குத்தும்.

பெப்ரவரி 5, புதன்

சமைக்காமல் மூன்று நாள். இருமல் குறையவில்லை. நிலானியைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. மூச்சுக்கு இழுக்கும் பஃபரை ஒரு நாளைக்கு நாலு தடவை அடிக்கிறார்களாம்.

அண்ணை ஃபேர்னஸ் அறைக்கு வந்து ஃபானின் வேகத்தைக் கூட்டிவிட்டுப் போனார். "இன்னும் கொஞ்சம் சுத்தப்படட்டும்" என்றார், படியில் நின்றபடி.

நான் "ஓம் அண்ணை" என்றேன்.

பெப்ரவரி 7, வெள்ளி

வேலை முடிந்து வந்து, ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் கிடந்த பெட்டியை எடுத்து உள்ளே இருந்த கையேட்டை வாசித்தேன். இதற்குமுன் வாசிக்கவில்லை. விளம்பரத்தைத்தான் வாசித்திருந்தேன்.

இரண்டு வகைக்கும் விளக்கின் கண்ணாடிதான் வித்தியாசம். ஒன்றின் கண்ணாடி சிற்றலைக் கதிரைத் தடுத்துவிடும். மணம் எடுக்கும் வகையில் அந்தத் தடுப்பு இல்லை. அந்தக் கதிர் பட்டதும் காற்றே மாறி ஓசோன் உண்டாகிறது. மணத்தை அழிப்பது விளக்கல்ல, ஓசோன். கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில்: ஆட்கள் தொடர்ந்து தங்கும் இடங்களில் பயன்படுத்த வேண்டாம். சுவாசக் கோளாறு உள்ளவர்களுக்குத் தீங்கு செய்யும்.

இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை வாசிக்கத் தேவையிருக்கவில்லை.

நாளை சனிக்கிழமை. இருவரும் வீட்டில் இருப்பார்கள். சொல்லிவிடலாம்.

பெப்ரவரி 8, சனி

காலையில் மேலே விருந்தாட்கள். சொல்வதற்கு இடமில்லை.

எல்லோருமாக வெளியே போனதும் ஃபேர்னஸ் அறைக்குப் போய்ப் பிளக்கைக் கழற்றினேன். கண்ணாடித் துளையில் நீலம் அணைந்தது. முக்கியமானது அதுதானே. சொல்வது அதற்குப் பிறகு வரும் வேலை.

பெப்ரவரி 9, ஞாயிறு

இன்று முழுக்க நான்கு தடவைதான் இருமினாள். காற்று வாயின் ஒட்டுத்தாளை எடுத்துவிட்டேன். கேட்பதற்காக அல்ல, அறை குளிர்கிறது.

பெப்ரவரி 10, திங்கள்

வேலைக்குப் புறப்படும்போது வதனி அக்கா ஒரு தட்டோடு இறங்கி வந்தார். இடியப்பம், சொதி, ஒரு துண்டு மீன்.

"நேற்றுத்தான் பிள்ளை ஒழுங்கா நித்திரை கொண்டது. உமக்குத்தான் சொல்லவேணும் ஆரணி. நீர் சமையலை விட்டதாலைதான். நான் வாய் திறந்து கேக்கேல்லை, நீராவே விளங்கிச் செய்தீர்."

"அதில்லை அக்கா..."

"பட்டினி கிடவாதேயும். இனி நான் தாறன். ஒரு பிடி கூடப் போடுறது எனக்கொரு வேலையோ?"

தட்டு சூடாக இருந்தது. சாப்பிட்டேன். முழுவதையும் சாப்பிட்டேன்.

மாலை: நான் வந்தபோது அண்ணை புதுப் பில்ற்றரோடு ஃபேர்னஸ் அறையில் இருந்தார். "ஆரணி, இந்த லைற் பிளக் கழண்டு கிடந்தது. எத்தினை நாளோ தெரியாது. அப்பிடியிருந்தும் பிள்ளைக்குச் சுகம் வந்திட்டுது, பாரும். இனி இன்னும் நல்லா இருக்கும்." பிளக்கைச் செருகி, கழலாதபடி அதன் மேல் ஒட்டுத்தாள் சுற்றினார். அவருடைய முகத்தில் அப்படியொரு நிம்மதி.

நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு சப்பாத்தையும் கழற்றி முடிப்பதற்குள் அவர் மேலே போய்விட்டார்.

நாளை காலை, அவர்கள் எழும்புமுன் கழற்றிவிடலாம்.

பெப்ரவரி 12, புதன்

நேற்று எழுதவில்லை.

நேற்றுக் காலை பிளக்கைக் கழற்றவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவ்வளவுதான் காரணம். ஃபேர்னஸ் அறை என் கதவிலிருந்து ஆறு அடி.

ஐந்து மணிக்கு வந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை. மேல் குசினியில் பாதி வெட்டிய வெங்காயம். முன் கதவைப் பூட்டாமல் போயிருந்தார்கள். ஐந்தரைக்கு அண்ணை ஆசுபத்திரியிலிருந்து அழைத்தார். பள்ளிக்கூடத்தால் வந்து ஒரு மணித்தியாலத்தில் மூச்சு எடுக்க முடியாமல் போய்விட்டதாம், உதடு நீலமாகிவிட்டதாம். இப்போது முகமூடி போட்டு மருந்து கொடுக்கிறார்கள்.

"நேர்ஸ் கேக்கிறா, வீட்டிலை புதுசா என்ன மாறியிருக்கு எண்டு. வதனி அழுதுகொண்டு நிக்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியேல்லை. அந்த லைற்றைப் பற்றி உமக்குத்தானே தெரியும். அது பாதுகாப்பான சாமான் எண்டு விளங்கப்படுத்தும். ஸ்பீக்கரிலை விடுறன்."

பிறகு தாதியின் குரல். அமைதியான குரல், அவசரமில்லாமல் ஆங்கிலத்தில் கேட்டது. வீட்டில் புதிய வாசனைத் திரவியம், பூச்சு, காற்றுச் சுத்திகரிப்பான், ஏதாவது?

ஓம் என்றேன். குழாய்க்குள் ஒரு புறஊதா விளக்கு. பதினேழு நாளாக. அது ஓசோன் உண்டாக்கும் வகை.

நிச்சயமாகத் தெரியுமா என்றார்.

கையேட்டில் இருக்கிறது. நான் வாசித்திருக்கிறேன்.

அது இப்போது எரிகிறதா?

எரிகிறது.

போய் அணைத்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

கைபேசியைப் படியில் வைத்துவிட்டுப் போனேன். அண்ணை சுற்றிய ஒட்டுத்தாள் நகத்துக்கு வரவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தேன். திரும்பி வந்தபோது தாதி நன்றி சொன்னார், வீட்டுக்குக் காற்றோட்டம் விடச் சொன்னார், போய்விட்டார். தொடர்பு அறுபடவில்லை. வதனி அக்கா மூச்சு விடுவது கேட்டது. என்னவோ சொல்லப்போகிறார் என்று அழைப்பு அறுபடும்வரை நின்றேன்.

மேல் வீட்டு யன்னல்கள் பதினொன்றையும் திறந்தேன். வெளியே கழித்தல் பன்னிரண்டு பாகை. வெங்காயத்தை மூடி வைத்தேன்.

இன்று மதியம் நிலானியை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். நடந்துதான் வந்தாள். கையில் ஆசுபத்திரிப் பட்டி.

பெப்ரவரி 13, வியாழன்

வதனி அக்கா இறங்கி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். இதுவரை இங்கே உட்கார்ந்ததில்லை.

"எப்ப தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

விரல் மடித்து எண்ணினார். "நாலு நாள்."

"சனிக்கிழமை பிளக்கைக் கழட்டினனான் அக்கா."

"அதாலைதான் சுகம் வந்தது. நான் இடியப்பம் கொண்டு வந்தன்." அவருடைய குரல் உயரவேயில்லை. "சாப்பிட்டீர்."

"சாப்பிட்டன்."

"ஏன் சொல்லேல்லை?"

"போகச் சொல்லுவீங்கள் எண்டு பயம்."

"ஓம், சொல்லியிருப்பன். கோவத்திலை சொல்லியிருப்பன். ரெண்டு நாளிலை ஆறியிருப்பன்." எழுந்து நின்றார். "பிழையா ஒரு லைற்றை எடுத்தது பிழையில்லை ஆரணி. ஆருக்கும் நடக்கும். ஏன் அந்த வகையை எடுத்தனீர்?"

மணத்துக்காக என்றேன். என்னுடைய மணத்துக்காக.

"நான் எப்பவாவது ஏதும் சொன்னனானோ?"

"இல்லை."

"பிறகு?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லத் தொடங்கினால் மிசிசாகாவிலிருந்து தொடங்க வேண்டும்.

"மாசம் முடிய இடம் பாரும்" என்றார்.

பெப்ரவரி 15, சனி

ஜெயபாலன் வந்து விளக்கைக் கழற்றி, துளையைத் தகரத்தால் மூடினார். யாரும் சிரிக்கவில்லை. தனியாக இருக்கும்போது என்னிடம் சொன்னார், "பெட்டியைப் பாத்தவுடனை எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது தங்கச்சி. நீங்கள்தான் தெரிவு செய்ததெண்டு சொன்னியள், நான் விட்டிட்டன்." அவர் கை திருகாணியைத் திருகிக்கொண்டேயிருந்தது, அது இறுகியபிறகும்.

பெப்ரவரி 18, செவ்வாய்

மூன்று வீட்டுக்கு அழைத்தேன். மூன்றிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: ஏன் தனிய? வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 22, சனி

பனி கொட்டியது. பஸ்கள் ஒழுங்காக ஓடவில்லை. மார்க்கம் நகரப் பக்கம் ஒரு அறை பார்க்கப் போக வேண்டும் என்று வாசலில் நின்றேன். வதனி அக்கா காரின் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஏறும்" என்றார். பக்கத்து இருக்கையில் கிடந்த பையைப் பின்னால் எறிந்தார்.

வீட்டுக்காரி இன்பராணி அன்ரி, கணவரை இழந்தவர், எழுபதுக்குக் கிட்ட. அறை நல்ல அறை. யன்னல் தரைக்கு மேலே இருக்கிறது. தேநீர் தந்தார். பிறகு என்னை விட்டுவிட்டு வதனி அக்காவைப் பார்த்துக் கேட்டார்:

"உங்கடை வீட்டிலை இருந்த பிள்ளையோ? ஏன் விடுறியள்?"

என் கையில் கோப்பை இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

வதனி அக்கா தன்னுடைய கோப்பையையும் கீழே வைத்தார். "துப்புரவான பிள்ளை. சத்தம் போடாது. என்ரை மகளோடை நல்ல வாரப்பாடு, பாசம்" என்றார். "ஒண்டுதான். கேட்டால்தான் சொல்லும். கேளாமல் விட்டால் ஒண்டும் வராது. நான் கேளாமல் விட்டிட்டன். நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கோ."

"அப்ப கேக்கிறன்" என்று இன்பராணி அன்ரி என் பக்கம் திரும்பினார். "கலியாணம் கட்டினனீரோ?"

"ஓம்."

"அவர் எங்கை?"

"மிசிசாகாவிலை. நான் விட்டிட்டு வந்திட்டன். போன மே மாதம்."

"அடிச்சவரோ?"

"இல்லை. நான் சமைச்சால் யன்னலைத் திறந்துவிடுவார். நான் தொட்ட உடுப்பைத் தனியத் தோய்ப்பார். ஆட்கள் வந்தால் என்னை மேலை போய் இருக்கச் சொல்லுவார், மணக்குது எண்டு." இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இந்த நாட்குறிப்புக் கொப்பியிடம்கூட முழுதாக இல்லை.

இன்பராணி அன்ரி தலையாட்டினார். அறை மார்ச் முதலாம் திகதி தயார் என்றார். என்ன சமைப்பேன் என்று கேட்டார். எல்லாம் சமைப்பேன் என்றேன்.

காரில் ஏறியபிறகும் வதனி அக்கா சாவியைத் திருப்பவில்லை. கண்ணாடியில் பனி விழுந்து மூடிக்கொண்டிருந்தது.

"உமக்குக் கஷ்டமா இருக்குமெண்டுதான் நான் கேக்கேல்லை" என்றார்.

"தெரியும் அக்கா. நீங்கள் கேக்காதபடியால்தான் நான் அங்கை வந்தனான்."

அவர் கைகளை ஸ்டியரிங் சில்லில் வைத்தபடி இருந்தார். "நாலு நாள்" என்றார் மறுபடி. "அதை மட்டும் என்னாலை விட ஏலாமல் கிடக்கு."

"விடவேண்டாம்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு காரை எடுத்தார்.